கோல் காவலர் பெர்ட் டிரௌட்மன்

தோற்றுவாய்

பகைவர் வளைத்துக்கொண்ட மதிலை உள்ளிருந்து காக்கும் வீரரது செயலை நொச்சி என்று நம் புறப்பொருள் நூலார் வழங்கினர். தொல்காப்பியர் இதனை மதிலை வளைத்தலாகிய உழிஞையுள்ளே அடக்கிக் கூறினார். பின்வந்த ஐயனாரிதனார் தம் புறப்பொருள் வெண்பாமாலையில் இதனைத் தனித்திணையாக நிறுத்தினார். தாக்குவோன் செயலினின்றும் காப்போன் செயல் இயல்பால் வேறுபட்டது, அது தனியே வைத்து ஆராயத்தக்கது என்பது அவர் கருத்துப் போலும்.

கால்பந்தாட்டத்திலும் இவ்வேறுபாடு உண்டு. ஒரு கட்சிக்குரிய பதினொருவருள் பதின்மர் ஓடுவர், உதைப்பர், கோல் அடிக்க முயல்வர். எஞ்சிய ஒருவர் மட்டும் தம் இடத்தை விட்டு நெடுந்தூரம் அகலாது, வருகின்ற பந்தை எதிர்நோக்கி நிற்பர். அவரே மைதானத்தில் கோல்கீப்பர் என்று வழங்கப்படும் கோல் காவலர். இத்தொழிலையே வாழ்க்கையாகக் கொண்டு, பதினைந்து ஆண்டுகள் இங்கிலாந்தின் முதன்மைக் கழகமொன்றில் நின்ற பெர்ட் டிரௌட்மன் என்னும் ஜெர்மானியரது வரலாற்றை ஈண்டு ஆராயப் புகுந்தோம். அவர் வரலாறு ஆட்டக்காரர்க்கு மட்டும் உரியதன்று. ஒரு கூட்டத்தார் செய்த பெருந்தீமையின் பொருட்டு அக்கூட்டத்திற் பிறந்த ஒருவரை ஒறுத்தல் முறையோ என்னும் கடினமான வினா அதனுள் அடங்கியிருக்கிறது. அவ்வினாவை முன்னிட்டே யாம் இதனை எழுதத் துணிந்தோம்.

காவற்றொழிலின் இயல்பு

டிரௌட்மனது பெருமையை உணர்தற்கு முதலில் அவரது தொழிலின் இயல்பை அறிதல் வேண்டும். கோல் வாயில் 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உடையது. இங்கிலாந்தில் 1863-ஆம் ஆண்டில் முதன்முதல் விதிகள் வகுக்கப்பட்ட காலத்தில் கோல் காவலர் என்று தனியே ஒருவர் குறிக்கப்படவில்லை. 1871-ஆம் ஆண்டின் விதிகளிலேதான், வாயிலைக் காத்தற்பொருட்டுக் கையாற் பந்தைத் தொடும் உரிமை ஒருவர்க்கு அளிக்கப்பட்டது. பின்னர் 1912-ஆம் ஆண்டில் அவ்வுரிமை பெனால்டி எல்லைக்குள் அடங்குமாறு சுருக்கப்பட்டது.

பெனால்டி உதை என்பது வாயிலுக்கு 36 அடி தொலைவில் வைத்து அடிக்கப்படுவது. நன்றாக உதைக்கப்பட்ட பந்து அத்தொலைவை அரை நொடிக்குள் கடந்துவிடும். பந்து எப்பக்கம் வருகின்றது என்று கண்டபின் பாய்வோமென்று காவலர் காத்திருப்பாராயின் காலம் கடந்துபோம். ஆதலின் உதைப்போனுடைய கால், தோள், கண் ஆகியவற்றின் குறிப்பை அவர் முன்னரே உணர்தல் வேண்டும். பந்துடன் ஒருவன் தனியே நெருங்கி வருங்கால் காவலர் முன்னேறி அவனை அணுகுவர். அணுக அணுக, அவன் கண்ணுக்கு வாயிலின் திறந்த பகுதி குறுகிக்கொண்டே வரும். இதனைக் கோணங் குறுக்குதல் எனலாம். ஆனால் அளவுக்கு மிஞ்சி முன்னேறினால் பந்து தலைக்குமேற் சென்றுவிடும். எத்துணை முன்னேறுவது, எப்பொழுது நிற்பது என்னும் நிதானமே இத்தொழிலின் உயிர்நிலை.

அன்றியும் இத்தொழிலுக்கு ஒரு கொடுமையும் உண்டு. முன்னணியில் ஆடுவோன் பத்து முறை தவறிப் பதினோராம் முறை கோல் அடித்தால் தலைமேல் தூக்கிக் கொண்டாடப்படுவான். காவலரோ பத்து முறை காத்து ஒருமுறை தவறினால் அத்தவறே நினைவில் நிற்கும். பந்து வலையுள் விழுந்தபின் அவர் கூறத்தக்க மறுமொழி ஒன்றும் இல்லை. அடுத்த பந்தைக் காத்தலே அவர் கூறத்தக்க விடை.

டிரௌட்மன் ஆடிய காலத்தில் மேலும் இரு இடர்கள் இருந்தன. ஒன்று, பந்தைப் பிடித்து நிற்கும் காவலரைத் தோளால் மோதித் தள்ளுதல் அக்காலத்தில் குற்றமாகக் கொள்ளப்படவில்லை. 1958-ஆம் ஆண்டு எப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தில் போல்டன் கழகத்து நாட் லாப்ட்ஹவுஸ், மாஞ்செஸ்டர் யுனைடெட் காவலராகிய ஹாரி கிரெக் என்பாரைப் பந்தோடு வலைக்குள் மோதித் தள்ள, அது கோலாகவே எண்ணப்பட்டது. மற்றொன்று, காயமுற்றவர்க்கு மாற்றாக வேறொருவரை இறக்கும் வழக்கம் அன்று இல்லை. ஆங்கில லீக் ஆட்டங்களில் அவ்வழக்கம் 1965-ஆம் ஆண்டிலேதான் புகுந்தது. காவலர் வெளியேறினால் வேறோர் ஆட்டக்காரர் அவ்விடத்தில் நிற்க, கட்சி பதின்மரோடு போராட வேண்டியதே. இதனை வாசகர்கள் மனத்திற் கொள்வாராக, பின்னர் வேண்டப்படும்.

இளமையும் போரும்

டிரௌட்மன் 1923-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 22-ஆம் நாள் ஜெர்மனியின் துறைமுக நகரமாகிய பிரேமனிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் பெர்ன்ஹார்ட் கார்ல். அவர் தந்தையார் துறைமுகத்தை அடுத்த உரத் தொழிற்சாலை ஒன்றிற் பணி செய்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-ஆம் ஆண்டில், பத்து வயதை எட்டும் பருவத்தில், சிறுவர்க்கென நாஜிக் கட்சியார் அமைத்திருந்த சங்கத்தில் இவரும் சேர்ந்தார். ஓட்டமும் தாண்டுதலும் பந்தெறிதலும் அங்கே பயிற்றப்பட்டன. அவற்றோடு பிற இனத்தார்மீது வெறுப்பும் ஊட்டப்பட்டது. உடற்பயிற்சியை விரும்பிச் சென்ற சிறுவர்கள் அந்நஞ்சையும் உடன் பருகினர்.

1941-ஆம் ஆண்டில், பதினேழு வயதில், விமானப்படையிற் சேர்ந்து பின்னர்ப் பாராசூட் வீரரானார். ரஷ்யப் போர்முனையில் மூன்றாண்டுகள் போராடி, இரும்புச் சிலுவை முதலிய பதக்கங்களையும் பெற்றார். ஆங்குத் தாம் கண்ட ஒரு கொடுமையை முதுமையில் அவர் வெளிப்படையாகக் கூறினார். உக்ரேய்ன் நாட்டுக் காடொன்றில் குற்றமற்ற யூத மக்களைக் குழியருகே நிறுத்திக் கொலைப்படையினர் சுட்டு வீழ்த்தியதைத் தம் தோழர் ஒருவருடன் மறைந்திருந்து கண்டதாகவும், அஞ்சி ஊர்ந்து அவ்விடத்தை விட்டு நீங்கியதாகவும் அவர் சொன்னார். இதனை யாம் மறைத்தெழுத விரும்பவில்லை. இவரைக் குறைகாணவொண்ணாத வீரராகக் காட்டுதல் உண்மைக்கும் பொருந்தாது, இவ்வரலாற்றின் பயனையும் கெடுத்துவிடும்.

போர் முடியுந் தறுவாயில், மேற்கு முனையில் ஆங்கிலப் படையினரிடம் அகப்பட்டார். தப்பி ஓடுகையில் வேலியொன்றைத் தாண்டிக் குதித்ததாகவும், குதித்த இடத்தில் நின்ற ஆங்கில வீரன் ஒருவன் தேநீர் அருந்துகின்றாயா என்று வினவியதாகவும் அவரைப்பற்றி ஒரு கதை வழங்குகிறது.

சிறைக்கோட்டத்தில் கிடைத்த தொழில்

கைதிகளை நாஜிக் கொள்கையில் ஊறினவர், ஊறாதவர், இடைப்பட்டவர் என்று ஆங்கிலேயர் தரம்பிரித்தனர். டிரௌட்மன் முதலில் கொள்கை ஊறினவர் வரிசையில் வைக்கப்பட்டு, பின்னர் இடைப்பட்டவர் வரிசைக்கு மாற்றப்பட்டார். வதைமுகாம்களிற் பிணங்கள் குவிந்து கிடந்த காட்சிகளைக் கைதிகள் திரைப்படமாகக் காணுமாறு செய்யப்பட்டனர். பள்ளிப் பருவம் முதற்கொண்டு கற்ற பாடம் பொய்யென்று அவருக்குப் படிப்படியாகவே விளங்கியது. ஒரே நாளில் மனமாற்றம் நேர்ந்ததென்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. ஆங்கிலேயப் பொதுமக்கள் தம்மை மனிதராக நடத்தியதே தமக்கு உண்மையான கல்வியாயிற்று என்பது அவர் துணிபு.

லங்காஷயர் நாட்டில் ஆஷ்டன்-இன்-மேக்கர்பீல்ட் என்னும் ஊரிலிருந்த சிறைமுகாமிற் கைதிகள் கால்பந்து ஆடுவதுண்டு. டிரௌட்மன் அதுகாறும் நடுக்களத்தில் ஆடுபவராகவே இருந்தார். ஓர் ஆட்டத்தில் காயமுற்று ஓடவியலாமற் போகவே, கோல் காவலரோடு இடம் மாற்றிக்கொண்டார். அன்று நேர்ந்த அம்மாற்றமே அவர் வாழ்நாள் தொழிலைத் தீர்மானித்தது. பெர்ன்ட் என்னும் பெயர் ஆங்கிலேயர் நாவுக்கு எளிதாக வாராமையின் பெர்ட் என்பதும் அங்கேயே வழங்கலாயிற்று.

1948-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்ப வாய்ப்பு வந்தபோது அதனை மறுத்து, லங்காஷயரிலேயே தங்கி, பண்ணை வேலையும், வெடியாது புதைந்து கிடந்த குண்டுகளை அகற்றும் வேலையும் செய்தார். ஓய்வு நாட்களில் செயின்ட் ஹெலன்ஸ் டவுன் என்னும் சிறு கழகத்தின் வாயிலைக் காத்தார். அவர் ஆட்டத்தைக் காண மக்கள் திரண்டனர். அக்கழகச் செயலாளரின் மகளாகிய மார்கரெட் என்பாரை 1950-ஆம் ஆண்டில் மணந்துகொண்டார்.

மாஞ்செஸ்டரில் எழுந்த எதிர்ப்பு

1949-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மாஞ்செஸ்டர் சிட்டி கழகத்தார் டிரௌட்மனைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டனர். அக்கழகத்தின் வாயிலை 1933-ஆம் ஆண்டு முதல் காத்துவந்த பிராங்க் ஸ்விப்ட் என்பார் இங்கிலாந்து தேசத்தின் சார்பிலும் நின்ற பெருங்காவலர்; அந்நகரத்தார் நெஞ்சில் இடங்கொண்டவர். அவர் விலகிய இடத்தில், போர் முடிந்து நான்காண்டுகளே சென்ற நிலையில், ஜெர்மன் பாராசூட் வீரர் ஒருவர் வந்து நிற்பதென்றால் மக்கள் எவ்வாறு பொறுப்பர்?

மாஞ்செஸ்டர் நகரம் 1940-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், கிறிஸ்து பிறப்புத் திருநாளை அடுத்த இரவுகளில், ஜெர்மன் விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாகி நூற்றுக்கணக்கான உயிர்களை இழந்தது. யூத மக்கள் மிகுதியாக வாழும் நகரங்களுள்ளும் அது ஒன்று. ஹிட்லரிடமிருந்து தப்பிவந்தோர் பலர் அங்கே அடைக்கலம் புகுந்திருந்தனர். ஆதலின் எதிர்ப்புக் கிளம்பிற்று. ஏறக்குறைய இருபதினாயிரம் பேர் தெருவிற் கூடி முழங்கினர் என்பர். ஆண்டுச் சீட்டுக்களைத் திருப்பித் தருவோம் என்று பலர் அச்சுறுத்தினர். கழகத்திற்குக் கடிதங்கள் குவிந்தன. இவர்களைக் கொடியோர் என்று தள்ளிவிட யாம் துணியோம். மகனை இழந்த தாயும், வீட்டை இழந்த குடும்பத்தலைவரும் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். அவர்கள் துயரம் பொய்யன்று.

அச்சமயத்தில் இருவர் வாய்திறந்தனர். ஒருவர் கழகத்தின் தலைவராக ஆடிய எரிக் வெஸ்ட்வுட். நார்மண்டிப் போர்முனையில் ஜெர்மானியரை எதிர்த்துப் போரிட்டு மீண்ட இவர், உடைமாற்றும் அறைக்குள் போருக்கு இடமில்லை என்று கூறி டிரௌட்மனை வரவேற்றார். மற்றவர் அலெக்ஸாண்டர் ஆல்ட்மன் என்னும் யூத சமயகுரு. ஹங்கேரிய நாட்டுக் குடும்பத்திற் பிறந்து, பெர்லின் மாநகரில் குருவாய் விளங்கி, 1938-ஆம் ஆண்டில் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி மாஞ்செஸ்டருக்கு வந்தவர் இவர். இவர்தம் பெற்றோர் அக்கொடுமைக்கே இரையாயினர். இத்தகையவர் நகரத்து நாளிதழில் வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதினார். ஜெர்மானியரால் யூதர் அடைந்த துன்பத்தை அவர் சிறிதும் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் அக்குற்றங்களோடு தொடர்பில்லாத தனியொருவரை வெறுப்பின் காரணமாகத் தண்டிக்க முயலுதல் ஆகாது என்றும், இவ்வாட்டக்காரர் நற்பண்புடையவராயின் அவரைச் சேர்த்துக்கொள்வதில் தீங்கில்லை என்றும், ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும் என்றும் அவர் எழுதினார். எதிர்ப்பு அதன்பின் தணியலாயிற்று.

அக்கடிதத்தின் நுட்பத்தைச் சிறிது ஆராய்வோம். ஆல்ட்மன் குற்றத்தை மன்னித்துவிட்டோம் என்று கூறவில்லை. இறந்தோர் சார்பில் மன்னிப்பு வழங்கும் உரிமையைத் தமக்குரியதாக அவர் ஏற்றுக்கொள்ளவும் இல்லை. அவர் வேண்டியது நீதி ஒன்றே. தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமக்கவேண்டுவதில்லை என்பது எசேக்கியேல் தீர்க்கதரிசி தம் மக்களுக்கு விரித்துரைத்த போதனையன்றோ? யூதர்க்கும் கிறிஸ்தவர்க்கும் பொதுவாகிய அவ்வேதப் பகுதியின் பொருளையே அக்குருவானவர் ஒரு கால்பந்துக் கழகத்தின் செய்தியிற் பொருத்திக் காட்டினார் என்று யாம் கருதுகிறோம்.

வாயிலில் நின்ற முதலாண்டு

டிரௌட்மன் 1949-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் போல்டன் கழகத்திற்கு எதிராக முதல் ஆட்டம் ஆடினார். மாஞ்செஸ்டரில் எதிர்ப்புக் குறைந்தும் பிற ஊர்களில் வசைமொழி நிற்கவில்லை. அதனால் அவர் மனம் சிதறியதும் உண்டு. டிசம்பர் மாதத்தில் டெர்பி கவுண்டி கழகத்தார் அவரைக் கடந்து ஏழு கோல்கள் அடித்தனர்.

1950-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் புல்ஹாம் கழகத்தை எதிர்த்து ஆடுதற்கு லண்டன் மாநகர் சென்றார். குண்டுவீச்சின் வடுக்கள் ஆறாத நகரம் அது. இகழ்ந்துரைக்கும் கூட்டத்தின் முன்னிலையில், சிட்டி கழகத்தார் பல கோல்களில் தோற்பர் என்று எதிர்பார்க்கப்பட்ட அவ்வாட்டத்தில், டிரௌட்மன் பந்து பந்தாகத் தடுத்தார். முடிவில் புல்ஹாம் ஒரே கோலினால் வென்றது. தோற்ற காவலரை நோக்கிக் கூட்டத்தினர் எழுந்து நின்று கைதட்டினர். இருகட்சி ஆட்டக்காரர்களும் அவரை வாழ்த்திக் கைதட்டி வழியனுப்பினர். தோல்வியிற் கிடைத்த இப்பாராட்டு எத்துணை வெற்றிகளுக்கும் ஈடாகும். ஆயினும் அவ்வாண்டு முடிவில் சிட்டி கழகம் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது; 1951-ஆம் ஆண்டில் மீண்டும் முதற்பிரிவுக்கு ஏறிற்று.

தொழிலாளியாகிய ஆட்டக்காரர்

அக்காலத்துத் தொழில்முறை ஆட்டக்காரரின் நிலையை இன்றைய நிலையோடு ஒப்பிடுதல் கூடாது. ஆட்டக்காரர்க்கு வழங்கத்தக்க சம்பளத்திற்கு உச்ச வரம்பு இருந்தது. 1961-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அவ்வரம்பு நீக்கப்பட்டபோதும் அது வாரத்திற்கு இருபது பவுனாகவே இருந்தது. எத்துணைப் புகழ்பெற்றவரும் அதற்குமேற் பெறுதல் இயலாது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் கழகத்தார் இசையாமல் வேறிடம் செல்லவும் முடியாது. 1963-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் என்னும் ஆட்டக்காரர் தொடுத்த வழக்கில், இக்கட்டு தொழில் உரிமைக்குத் தகாத தடையென்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அதற்குள் டிரௌட்மனது ஆட்டக்காலம் முடியுந் தறுவாய்க்கு வந்துவிட்டது. 1952-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஷால்கே கழகத்தார் அவரைப் பெற முயன்றபோது சிட்டி கழகத்தார் இசையவில்லை.

தாய்நாட்டின் சார்பில் ஆடும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை. மேற்கு ஜெர்மனியின் பயிற்சியாளராகிய செப் ஹெர்பெர்கர் உள்நாட்டுக் கழகங்களில் ஆடுவோரையே தேர்ந்தெடுத்தார். 1954-ஆம் ஆண்டில் அந்நாட்டார் உலகக் கோப்பையை வென்றனர். டிரௌட்மன் அக்கட்சியில் இல்லை. ஒரு நாட்டார் பகைவரென்று ஒதுக்கினர். பிறந்த நாட்டார் அயலிடத்தவரென்று விடுத்தனர். இவ்விரண்டிற்கும் இடையே அவருக்கு உரிமையாயிருந்தது அந்த 24 அடி வாயில் ஒன்றே.

கலையிலும் அவர் ஒரு புதுமை செய்தார். பந்தைப் பிடித்த காவலர் அதனை வானளாவ உதைத்துவிடுதலே அன்றைய வழக்கம். இளமையிற் கையாற் பந்தெறியும் ஆட்டங்களிற் பழகிய டிரௌட்மன், தம் கட்சியார் நிற்கும் இடம் நோக்கிப் பந்தை நெடுந்தூரம் குறிதவறாது எறிந்தார். 1953-ஆம் ஆண்டு நவம்பர் 25-ஆம் நாள் ஹங்கேரியர் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்தை 6-3 என்று வென்றபின், அவர்தம் ஹிடெக்குட்டி என்னும் வீரர் ஆடிய முறையைத் தழுவி, சிட்டி கழகத்து டான் ரிவி என்பார் முன்னணியினின்றும் பின்வாங்கி நின்று பந்தைப் பெற்று ஆட்டத்தை நடத்தினார். அம்முறை பயன்படுதற்குக் காவலர் கையெறிதல் பெருந்துணையாயிற்று. காத்தலே தாக்குதலின் தொடக்கம் என்று டிரௌட்மன் காட்டினார்.

1956-ஆம் ஆண்டு இறுதியாட்டம்

1955-ஆம் ஆண்டில் சிட்டி கழகத்தார் எப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டத்தில் நியூகாஸில் கழகத்திடம் தோற்றனர். மறு ஆண்டும் இறுதிக்கு வந்தனர். அவ்வாண்டில் கால்பந்து எழுத்தாளர் சங்கத்தார் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராக டிரௌட்மனைத் தேர்ந்தெடுத்தனர். அச்சிறப்பைப் பெற்ற முதல் கோல் காவலர் இவரே.

1956-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் வெம்பிளியில் நூறாயிரம் மக்கள் கூடியிருந்தனர். எதிர்க்கட்சி பர்மிங்காம் சிட்டி. தொடக்கத்திலேயே சிட்டி கழகத்து ஜோ ஹேய்ஸ் ஒரு கோல் அடித்தார். பர்மிங்காமின் நோயல் கின்ஸி அதனைச் சமன்செய்தார். பிற்பாதியில் ஜாக் டைசன், பாபி ஜான்ஸ்டன் ஆகிய இருவரும் அடுத்தடுத்து இரு கோல்கள் அடிக்க, சிட்டி 3-1 என்று முன்னேறிற்று.

ஆட்டம் முடிய 17 நிமிடங்கள் இருக்கையில், பர்மிங்காமின் பீட்டர் மர்பி பந்தோடு விரைந்து வந்தார். டிரௌட்மன் தம் வழக்கப்படி அவர் காலடியிற் பாய்ந்து பந்தைக் கைக்கொண்டார். அக்கணத்தில் மர்பியின் முழங்கால் அவர் கழுத்தில் மோதிற்று. டிரௌட்மன் உணர்விழந்து வீழ்ந்தார். தெளிந்து எழுந்தபோது கண் மங்கிற்று, கால் தள்ளாடிற்று. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி இல்லாமையை முன்னரே கூறினோம். அவர் மீண்டும் வாயிலில் நின்றார். பின்னும் பாய்ந்து பந்துகளைத் தடுத்தார்; ஒருமுறை தம் கட்சியாரோடே மோதி மறுபடியும் வீழ்ந்து எழுந்தார். வேறு கோல் விழவில்லை. கழுத்தைக் கையால் தாங்கியவாறே படியேறிச் சென்று வெற்றிப் பதக்கத்தைப் பெற்றார்.

கழுத்துச் சுளுக்கு என்றே முதலிற் கருதப்பட்டது. நான்கு நாட்களுக்குப் பின் எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்தபோதுதான் கழுத்தெலும்புகள் ஐந்து இடம் பெயர்ந்திருந்ததும், அவற்றுள் இரண்டாவது எலும்பு பிளந்திருந்ததும் புலனாயின. மூன்றாம் எலும்பு நழுவிச் சென்று இரண்டாவதனோடு இறுகி நின்றமையாலேயே உயிர் தப்பிற்றாம். போரில் முன்னின்று ஏற்ற புண்ணை விழுப்புண் என்று போற்றுவர் நம் முன்னோர். ஒருவரையும் கொல்லாது, காத்தற்பொருட்டே ஏற்ற இப்புண்ணும் அப்பெயர்க்கு உரியதே.

அவ்வெற்றியின் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில வாரங்களுக்குள் அவருடைய தலைமகன் ஜான், ஐந்து வயதுச் சிறுவன், வாகன விபத்தில் இறந்தான். கழுத்திற் கட்டோடு இருந்த தந்தைக்கு அத்துயரம் எலும்பு முறிவினும் கொடியதாயிற்று. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மீண்டும் வாயிலில் நின்றார். முன்னைய ஆற்றல் உடனே வரவில்லை. 1957-58 ஆட்டப்பருவத்தில் சிட்டி கழகம் லீக் ஆட்டங்களில் 104 கோல்கள் அடித்து 100 கோல்களை ஏற்றது என்பதால் அக்காலத்துக் காவலின் சுமை விளங்கும். ஆயினும் 1964-ஆம் ஆண்டு வரை நின்று, அக்கழகத்திற்காக மொத்தம் 545 ஆட்டங்கள் ஆடினார்.

பிற்காலம்

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அவருக்கு விடையளிக்கும் ஆட்டம் நடந்தது. என்றும் எதிரிகளாகிய மாஞ்செஸ்டர் சிட்டியாரும் யுனைடெட்டாரும் அன்று ஒரே கட்சியாக ஆடினர். நாற்பதினாயிரத்திற்கு மேற்பட்ட மக்கள் வந்திருந்தனர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எதிர்த்துத் திரண்ட அதே நகரம் வழியனுப்பத் திரண்டது.

பின்னர் ஸ்டாக்போர்ட் கவுண்டி கழகத்தின் மேலாளராகச் சிறிது காலம் இருந்தார். அதன்பின் ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தின் சார்பிற் பர்மா, தான்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், ஏமன் முதலிய நாடுகளுக்குச் சென்று இளைஞர்க்குப் பயிற்சி அளித்தார். ஆங்கிலேயர்க்கும் ஜெர்மானியர்க்கும் இடையே நல்லுணர்வை வளர்த்தமைக்காக 2004-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசியார் அவருக்கு ஓ.பி.இ. என்னும் விருது வழங்கினார். 2013-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் நாள், ஸ்பெயின் நாட்டில், எண்பத்தொன்பதாம் வயதில் உயிர்நீத்தார்.

முடிவுரை

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி வருவோம். டிரௌட்மனை மக்கள் ஏற்றுக்கொண்டது அவர்தம் திறமையினால் என்று பலர் கூறுவர். அது ஓரளவு உண்மையே. ஆனால் அவ்விடை எமக்கு முழு நிறைவு தரவில்லை. அவர் திறமையற்ற காவலராக இருந்திருப்பின் யாது நிகழ்ந்திருக்கும்? அவரோடு சிறையிலிருந்து, பண்ணையிலும் சுரங்கத்திலும் உழைத்த, பந்தைத் தொட்டறியாத ஜெர்மானியனுக்கு எவர் எழுந்து நின்று கைதட்டுவர்? கைதட்டல் திறமைக்குக் கிடைக்கும் கூலி. நீதியோ கூலியன்று, திறமையுடையானுக்கும் இல்லானுக்கும் ஒருங்கே உரியது.

இவ்விடத்திலேதான் ஆல்ட்மன் குருவின் பெருமை விளங்குகிறது. இவர் நல்ல காவலர், ஆதலின் ஏற்றுக்கொள்க என்று அவர் எழுதவில்லை. இவர் நல்ல மனிதராயின் தீங்கில்லை என்றே எழுதினார். பெற்றோரை இழந்த ஒருவர், இழப்பித்த இனத்தாருள் ஒருவரைக் குறித்து, அவரையும் தனி மனிதராக வைத்து ஆராய்க என்று எழுதிய அக்கணமே இவ்வரலாற்றின் உச்சம் என்பது எம் துணிபு. வெம்பிளியில் நேர்ந்தது அதன்பின் வந்த ஒரு விளைவு. டிரௌட்மனும் இதனை உணர்ந்திருந்தார். தம் கழுத்து முறிந்த ஆட்டத்தினும், பகைவராக வந்த தம்மை மனிதராக ஏற்ற மக்களைப்பற்றியே முதுமையிற் பெரிதும் பேசிவந்தார்.

நம் கல்லூரியில் பல சாதியாரும் பல சமயத்தாரும் பல ஊராரும் ஒருங்கு கற்கின்றோம். இன்னான் இன்ன கூட்டத்தான் என்று அறிந்த மாத்திரத்தே அவன் இயல்பு முழுதும் அறிந்துவிட்டதாகக் கருதும் பழக்கம் நம்மிடையேயும் இல்லையென்று சொல்ல முடியுமா? திறமைமிக்கவனாயின் எக்கூட்டத்தானாயினும் நம் விளையாட்டுக் கட்சியிற் சேர்த்துக்கொள்கிறோம், அது எளிது. திறமை ஒன்றும் காட்டாது வகுப்பின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவனையும் அவன் அவனாகவே கருதி உறவு கொள்ளுதலே அரிது. அவ்வரிய செயலைச் செய்தற்குப் பெரிய மைதானமும் நூறாயிரம் மக்களும் வேண்டுவதில்லை. ஒரு கடிதம் எழுதும் அளவு துணிவு போதும்.